யார் கையெழுத்து?

மலேசியாவில் என் வயதுக்காரர்கள் வளர்ந்த வீடுகளில் 555 என்றால் ஒரு புத்தகம். சட்டைப்பைக்குள் அடங்கிவிடும் சின்ன நோட்டு. மளிகைக்கடைக்காரர் கடன் எழுதி வைப்பது அதில்தான். எங்கள் வீட்டுக்கும் ஒன்று இருந்தது. அட்டையில் அப்பாவின் பெயர் இருக்கும். அரிசி வாங்கியது அம்மா, பிஸ்கட் வாங்கியது நான், பேட்டரி வாங்கியது அக்கா. சம்பள நாளில் அப்பா போய்க் கட்டிவிட்டு வருவார். யார் வாங்கினாலும் வீடு வாங்கியது. யார் கட்டினாலும் வீடு கட்டியது.

கடனைப் பற்றி நம் குடும்பங்களுக்கு உள்ள அறிவு பெரும்பாலும் அந்த நோட்டோடு நின்றுவிட்டது. வங்கியின் கணக்கில் 'வீடு' என்று யாரும் கிடையாது. கையெழுத்துப் போட்ட ஆள், போடாத ஆள் என்று இரண்டே வகை. அக்கா வீட்டுக் கடன் முற்றிப்போன நான்கு மாதங்களில் நாங்கள் தெரிந்துகொண்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான் வரும்.

தமிழும் இந்த விஷயத்தில் நம்மைக் கொஞ்சம் குழப்பிவிடுகிறது. கடன் என்றால் வாங்கிய பணம் மட்டுமில்லை, செய்ய வேண்டிய கடமையும்தான். காலைக்கடன், நேர்த்திக்கடன், ஈமக்கடன் எல்லாம் ஒரே சொல்லில் இருந்து வருபவை. ஆகவே பணம் கட்ட முடியாதவன் கடமை தவறியவனாகவும் ஆகிவிடுகிறான். மலாய்க்காரர்கள் இந்த நிலைக்கு 'முஃப்லிஸ்' என்பார்கள். அது அரபிலிருந்து வந்த சொல். வெள்ளிக்காசு எல்லாம் போய்ச் செம்புக்காசு மட்டும் மிஞ்சியவன் என்பது அதன் வேர். அதில் பையில் என்ன இருக்கிறது என்ற தகவல்தான் உண்டு, ஒழுக்கம் பற்றிய தீர்ப்பு இல்லை. நம் ஆட்களோ அந்தச் சொல்லையே சாவுச் செய்தி சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள்.

இனி கணக்குக்கு வருகிறேன். இப்படிப்பட்ட கட்டுரைகள் கணக்கைச் சொல்லாமல் வேதனையை மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அத்தான் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டுகிறார். ஓவர்டைம் இருந்தவரை 3,400 ரிங்கிட் வந்தது. அது நின்றதும் 2,600 ஆனது. பாலர் பள்ளியில் வேலை செய்யும் அக்காவுக்கு 1,700. இரண்டும் சேர்ந்து 4,300. மாதாமாதம் கட்ட வேண்டியது இவ்வளவு: வீட்டுக் கடனுக்கு 1,140, காருக்கு 640, அத்தான் எடுத்த தனிநபர் கடனுக்கு 720. பிறகு மூன்று கிரெடிட் கார்டுகள். அவற்றில் இரண்டு அத்தானுடையவை, அதில் 31,000 பாக்கி. ஒன்று அக்காவுடையது, 9,000. குறைந்தபட்சம் ஐந்து விழுக்காடு என்றால் கார்டுகளுக்கு மட்டும் 2,000. மொத்தம் 4,500. அரிசி வாங்கும் முன்பே 200 ரிங்கிட் குறைகிறது.

அந்தக் குறையை அவர்கள் கார்டை வைத்தே நிரப்பினார்கள். கார்டு வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை போகும். 40,000 பாக்கிக்கு மாத வட்டியே 600. 2,000 கட்டி, வீட்டுச் செலவுக்காக அதே கார்டில் 1,500 தேய்த்தால், பாக்கி 100 ரிங்கிட் ஏறித்தான் நிற்கும். எட்டு மாதம் இப்படி ஓடியது. கடைசியில் கார்டுகள் வரம்பைத் தொட்டன. அத்தான் யாரிடமும் சொல்லாமல் வட்டி முதலையிடம் 6,000 வாங்கினார். கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றுவோம் என்று போன் வந்த பிறகுதான் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

சித்தப்பா, மாமா என்று வந்தவர்கள் எல்லாரும் மொத்தத்தைக் கூட்டினார்கள். "ஒரு லட்சம் தாண்டிருச்சு. இனி முஃப்லிஸ்தான், வேற வழி இல்ல" என்றார் சித்தப்பா. ஒரு லட்சம் என்ற எண் சரிதான். முன்பு 30,000 ரிங்கிட் கடனுக்கே ஒருவரைத் திவாலாக்க முடிந்தது. 2017-இல் அது 50,000 ஆனது. கோவிட் காலத்தில் 1,00,000 ஆக உயர்த்தினார்கள். பிறகு அதுவே நிலைத்தது. ஆனால் அந்த ஒரு லட்சம் மனுப்போடும் கடன்காரருக்கு, அல்லது சேர்ந்து மனுப்போடும் கடன்காரர்களுக்கு, ஒரு ஆள் தர வேண்டிய தொகை. குடும்பம் தர வேண்டிய தொகை இல்லை.

அதனால் முதல் வேலையாக, அக்கா பெயரிலும் அத்தான் பெயரிலும் பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையை எடுத்தோம். அதற்குக் காசு இல்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து இரண்டு கோடு போட்டுப் பிரித்தேன். அத்தான் பெயரில் மட்டும்: இரண்டு கார்டு, தனிநபர் கடன், ஆக 69,000. அக்கா பெயரில் மட்டும்: 9,000. இருவர் பெயரிலும்: வீடு. அத்தான் பெயரில், அப்பாவின் ஜாமீனோடு: கார், 27,000 பாக்கி.

அக்கா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்போ அந்த 38 ஆயிரம் லோன் என்னோடது இல்லியா?"

"நீ கையெழுத்துப் போட்டியா?"

"இல்ல. ஆனா அவர் கடன்னா என் கடன்தானே?"

"வீட்டுக்குள்ள அப்படித்தான்க்கா. பேங்குக்கு அப்படி இல்ல."

பதினெட்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவரின் கடன் தன்னுடையது அல்ல என்று கேட்டதும் அவளுக்கு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் வந்தது கோபம். துரோகம் செய்யச் சொல்வதுபோல என்னைப் பார்த்தாள். அந்த 555 நோட்டு அவளுக்குள் அவ்வளவு ஆழமாக இருந்தது.

அத்தானோ வேறு முடிவில் இருந்தார். "நானே போய் முஃப்லிஸ் ஆயிடுறேன். மூணு வருஷத்துல முடிஞ்சிரும். அவங்க சொல்ற வழியில போனா பத்து வருஷம் கட்டணும்." அவர் சொன்னதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. கடனாளி தானே மனுக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பழைய திவால் சட்டம் 2017-இல் பெயரோடு சேர்ந்து மாறியது. சொத்து விவரம் கொடுத்து, விதித்த பங்களிப்பைக் கட்டி, கணக்கை ஒழுங்காகச் சமர்ப்பிப்பவருக்கு மூன்று ஆண்டில் தானாகவே விடுதலை கிடைக்கும் வழி வந்தது. 2023-இல் அது இன்னும் இளகியது. கடன் மன்னிப்பு அவமானம் இல்லை. நியாயமான சமூகம் எதற்கும் ஒரு முடிவை வைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் தாளைத் திரும்பவும் பார்த்தோம். அத்தான் திவாலானால் அவருடைய கடன் மட்டும் அவரோடு அடங்கும். வீட்டில் அவருடைய பங்கு திவால் துறையின் கைக்குப் போகும். வீட்டுக் கடனில் இன்னொரு கையெழுத்து அக்காவுடையது. முழுத் தவணையையும் பேங்க் அவளிடம் கேட்கும். அவளுடைய 1,700-இல் 1,140 போகும். அவள் கார்டுக் கடன் 9,000 அப்படியே இருக்கும். காருக்காக அப்பாவுக்குக் கடிதம் வரும். கடன் செத்துப்போவதில்லை, அடுத்த கையெழுத்தைத் தேடிப் போகிறது.

நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது. திவாலாகும் முன் கடன்காரர்களோடு செய்துகொள்ளும் தன்விருப்ப ஏற்பாடு. நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு வாங்கினால் 90 நாள் யாரும் வழக்குப்போட முடியாது. அதற்குள் ஒரு கணக்காளரையோ வழக்கறிஞரையோ பிரதிநிதியாக வைத்து, இவ்வளவு தருகிறேன் என்று திட்டம் கொடுக்கலாம். கடன்காரர்களில் பெரும்பான்மையினர், அதுவும் கடன் மதிப்பில் முக்கால் பங்கு வைத்திருப்பவர்கள், ஒத்துக்கொண்டால் அது எல்லாரையும் கட்டுப்படுத்தும். படிக்கும்போது இதுதான் நாகரிகமான வழியாகத் தெரிந்தது. ஆனால் அத்தானின் 69,000-இல் 38,000 ஒரே பேங்குக்குரியது. பாதிக்கு மேல். அந்த ஒரு பேங்க் முடியாது என்றால் முடிந்தது. பிரதிநிதிக்குக் கட்டணமும் நாம்தான் தர வேண்டும். கையில் ஒரு மொத்தத் தொகை உள்ளவருக்கோ, நல்ல வியாபாரம் நொடித்தவருக்கோ அது பொருந்தும். லாரி ஓட்டுநருக்கு அல்ல.

மிஞ்சியது ஏ.கே.பி.கே. பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு. சேவை இலவசம். அங்கே முதலில் கேட்பது வருமானத்தையும் செலவையும்தான். செலவு போகக் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் திட்டம் போட முடியாது. ஆலோசகர் ஒரு தமிழ்ப் பெண். அக்காவிடம் மீன் எவ்வளவு, பள்ளி வேன் எவ்வளவு, கோயில் உண்டியல் எவ்வளவு என்று வரிவரியாகக் கேட்டார். உண்டியல் என்றதும் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "அழாதீங்கக்கா, அதை நான் வெட்டல" என்று அந்தப் பெண் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கார்டுகளும் தனிநபர் கடனும் ஒரு திட்டத்துக்குள் வந்தன. வட்டி குறைந்தது, காலம் நீண்டது, இருவருக்கும் சேர்த்து மாதம் 980 என்று ஆனது. வீடு, கார், இது எல்லாம் போக 1,540 மிஞ்சும். நான்கு பேர் சாப்பிட, படிக்க, பெட்ரோல் போட. கார்டுகளை ஒப்படைத்தாயிற்று. வட்டி முதலையின் கடன் இந்தத் திட்டத்துக்குள் வராது. உரிமம் இல்லாதவனோடு எந்த அமைப்பும் பேசாது. அக்காவின் வளையல்களை விற்று அதை முடித்தோம்.

அப்பாவுக்குத்தான் கடைசிவரை பயம் போகவில்லை. தன் தாத்தாவின் ஊரான துறையூர்ப் பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவர் அவர். திவாலானவர் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போக முடியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மை. ஆனால் லாபத்துக்காக அல்லாமல், சொந்த உபயோகக் காருக்கோ குடியிருக்கும் வீட்டுக்கோ படிப்புக்கோ ஜாமீன் நின்றவரைச் சட்டம் 'சமூக ஜாமீன்தாரர்' என்கிறது. 2017-இல் இருந்து அவரைத் திவாலாக்கவே முடியாது. பணம் கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். இதை மூன்று முறை விளக்கினேன்.

"சரி, அது சட்டம். அவன் கட்டலன்னா நான்தானே கட்டணும்?"

"கேப்பாங்கப்பா."

"கேட்டா குடுத்துதான ஆகணும். நான்தான கையெழுத்துப் போட்டேன்."

எங்கள் வீட்டில் கையெழுத்தின் பொருளை முதலில் புரிந்துவைத்திருந்தவர் அவர்தான் போலிருக்கிறது.

இதை எழுதும்போது பதினேழு மாதம் கட்டியாயிற்று. நூற்றுமூன்று மாதம் பாக்கி. இதை வெற்றிக் கதையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீடு இல்லாதவர், தனக்காக வேறு யாரும் கையெழுத்துப் போடாதவர், வருமானம் நின்றுபோனவர் என்றால், அத்தான் சொன்ன மூன்று வருட வழிதான் மேல் என்று நானே சொல்வேன். அதைச் சொல்லக் குரலைத் தாழ்த்த மாட்டேன். அத்தானின் உடம்பு நாளைக்கே லாரி ஓட்ட முடியாமல் போனால், எங்கள் திட்டமும் முறியும். அப்போது அதே மேசையில் இன்னொரு தாளை வைத்து உட்காருவோம். கோடு போட இந்தத் தடவை நான் தேவைப்படாது. போன வாரம் பேங்கிலிருந்து வந்த கடிதம் ஒன்றை அக்கா பிரித்தாள். தொகையைப் பார்க்கும் முன் அது யார் பெயருக்கு வந்திருக்கிறது என்று பார்த்தாள்.