பிரிம்ஃபீல்டுச் சந்தையில் ஒரு சோபா

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பிரிம்ஃபீல்டு என்னும் சிற்றூரில் 1959 முதல் பழம்பொருட் சந்தை கூடுகிறது. மே, ஜூலை, செப்டம்பர் என ஆண்டுக்கு மும்முறை. பாஸ்டனிலுள்ள மகன் இல்லத்துக்கு ஓர் இருக்கை தேடிச் சென்றோம். நெடுஞ்சாலையின் இருமருங்கும் கூடாரங்களே!

மகோகனிச் சோபாவொன்றில் ‘1790’ எனச் சீட்டுத் தொங்கிற்று. பட்டுறையோ புத்தம் புதிது. உறையைக் கண்டு மயங்குவோர் பலர். நாங்கள் கடைக்காரரின் இசைவுடன் அதைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடிச்சட்டத்தில் வில்லென வளைந்த அறுப்புத் தடங்கள்! கையரம்பமாயின் தடம் நேராக அன்றோ இருக்கும்? வட்டரம்பம் அந்நாட்டு மர ஆலைகளில் பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். 1876-இல் பிலடெல்பியாவில் நிகழ்ந்த நூற்றாண்டுப் பொருட்காட்சிக்குப் பின், முன்னோர் பாணியை நகலெடுக்கும் மோகம் அங்குப் பெருகிற்று. இதுவும் அவ்வகையே போலும். எனினும் மூட்டுகள் உறுதி; அமர்ந்தால் முனகவில்லை.

தடங்களைக் காட்டினோம். கடைக்காரர் நகைத்தவாறே சீட்டைக் கழற்றினார். பாதி விலைக்குப் பேசி, வண்டியில் ஏற்றிக்கொண்டோம்.