தென்னங்காணியில் ஒரு வருடம்

நகரத்தில் வாழ்பவர்களுக்குத் தேங்காய் என்பது கடையில் விலை கேட்டு வாங்கும் ஒரு பொருள். பாளை வெடித்து, குரும்பட்டியாகி, முற்றிய காயாவதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் செல்லும் என்பதை நாங்களும் தென்னைகளுக்கிடையே குடியிருக்கப் போன பிறகுதான் கண்ணால் கண்டோம்.

2022ஆம் ஆண்டு. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம். தெமட்டகொடையில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் கூலியும் ஏறிவிட்டது. என் மனைவிக்கு வாப்பாவின் சொத்தில் பங்காகக் கிடைத்த 80 பேர்ச் தென்னங்காணி, ஒரு சிறிய வீட்டோடு குருநாகல் மாவட்டத்தில் கிடந்தது. நான் அப்பக்கத்துப் பாடசாலையொன்றுக்கு இடமாற்றம் பெற்றுக்கொண்டேன். மனைவி ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ஒரு வருஷம் இருந்து பாப்பம். ஒத்துவரல்லண்டா திரும்பிப் போறதுதான். அப்ப ஒண்டும் பேசக்கூடாது."

அவளுடைய பயம் இருட்டைப் பற்றியதல்ல. 2019 மே மாதம் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொலப் பக்கங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டதை அவள் மறந்திருக்கவில்லை. எங்களைச் சுற்றியிருந்தவை எல்லாம் சிங்கள வீடுகள். ஜும்ஆப் பள்ளி நான்கு கிலோமீற்றருக்கு அப்பால். நான் பாடசாலைக்குப் போய்விட்டால் அவளுக்குப் பேச ஆளில்லை.

முதலில் வேலிக்கு வந்து பேசியவர் அடுத்த வளவின் வயதான பெண்மணி. என் மனைவி அவரை "நெந்தே" என்றாள். அவர் இவளை "துவே" என்றார். காணியின் பாடங்கள் அந்த வேலியோரத்தில்தான் தொடங்கின. காய்ந்த பொச்சுமட்டையில் அடுப்பு மூட்டும் விதம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தேங்காய் பறிக்கும் கணக்கு, நுளம்பு பெருகாதபடி சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பது எல்லாம் அவர் சொல்லித் தந்தவை. மிஞ்சும் பொச்சுகளை மரங்களுக்கிடையே கிடங்கு வெட்டிப் புதைத்தால் அவை மழைநீரைப் பிடித்து வைத்து, மாசிக் கோடையில் மரத்துக்குக் கொடுக்கும். லுணுவிலையில் 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையமும் இதையே சிபாரிசு செய்கிறது. இந்த வருட வறட்சி அடுத்த வருடத்துக் காய்ப்பில்தான் தெரியும் என்பதும் அவர் வாயால் கேட்டதே.

ஏழாவது மாதத்தில் ஒரு நாள், மஃரிபுக்குச் சற்று முன், பொச்சுக் குவியலில் கை வைத்த மனைவியின் விரலில் பாம்பு தீண்டிவிட்டது. சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்லும் சிறிய விரியன்; சருகிலும் பொச்சிலும் சுருண்டு கிடப்பது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் நெந்தா ஓடி வந்தார். "கட்டாதே, கீறாதே, நடக்க விடாதே" என்றார். அவருடைய மகன் முச்சக்கரவண்டியைக் கொண்டுவந்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தார்கள். நம் நாட்டில் தற்போதுள்ள விஷமுறிவு மருந்து இந்தப் பாம்பின் விஷத்துக்குப் பயன்படாது. பெரும்பாலோருக்கு வீக்கமும் வலியுமே வரும். சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும். ஆகவே மூன்று நாட்கள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், விரல் வீங்கி வடிந்ததோடு போயிற்று.

அந்த மூன்று நாட்களும் பிள்ளைகள் நெந்தாவின் பொறுப்பில் இருந்தார்கள். அவர் தம் வீட்டுச் சமையலை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. எங்கள் குசினிக்கு வந்து, எங்கள் சட்டியிலேயே சோறும் பருப்பும் முட்டையும் ஆக்கிக் கொடுத்திருந்தார். நம் மார்க்கத்தின் பேணுதலை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இதைக் கேட்ட மனைவி நெடுநேரம் எதுவும் பேசவில்லை.

வருடம் முடிந்தது. நான் அந்த நிபந்தனையைப் பற்றி வாய் திறக்கவில்லை. மழை தொடங்கியதும் அவளே, "மூணு தென்னம்பிள்ளை வாங்கி வாங்க. நெந்தாட வேலிப் பக்கம் நடணும்" என்றாள். நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருடமாகும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்பது அவனுக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழியின் கருத்து. மத்ரஸாவில் ஓதிய நாளிலிருந்து பலமுறை அதை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். நட்ட கையை அன்றுதான் பார்த்தேன்.

நாட்டுப்புறத்துக்குக் குடிபோக எண்ணும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். மலசலக்கூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது விலகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்காதீர்கள். பொச்சையும் விறகையும் தடியால் புரட்டிவிட்டு எடுங்கள். பாம்பு தீண்டினால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாக, பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காணியின் உறுதி அலுமாரியில் இருக்கலாம். ஆபத்து நேரத்தில் ஓடிவருபவர் வேலிக்கு அப்பால்தான் இருக்கிறார்.