தீவுத்திடல் மன்றோவும் ஓர் ஆற்றின் பெயரும்

எங்கள் சிறுசேரியிலிருந்து பட்டணத்துக்குள் போய் வருவதென்றாலே ஒரு நாள் ஆகிவிடும். அதனால் கல்யாணத்துக்கோ ஜவுளி எடுக்கவோ போனால், வழியில் ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். இந்த முறை பார்த்தது தீவுத்திடல் மன்றோ சிலை.

பஸ்ஸில் போகும்போது நீங்களும் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். சாலை நடுவே உயரமான பீடம், அதன்மேல் குதிரை, குதிரைமேல் துரை. குதிரைக்குச் சேணமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது. சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி செய்தது; 1839-ல் நிறுத்தினார்கள்.

எனக்கு அந்த ஆளைவிட அவர் பெயர்மேல்தான் ஆர்வம். மன்றோ என்பது குடும்பப் பெயர். மூலம் ஸ்காட்லாந்து, அயர்லாந்துக்காரர்களின் பழைய பாஷையான கேலிக். (நம்ம ஊர் கேலி இல்லை!) வட அயர்லாந்தில் ரோ என்று ஓர் ஆறு. ‘புன்’ என்றால் அடி, முகத்துவாரம். ‘புன் ரோ’, அதாவது ரோ ஆற்று முகத்திலிருந்து வந்தவர்கள் என்பது மருவி மன்றோ ஆயிற்று என்பது அந்தக் குலத்தார் வழிவழியாகச் சொல்லும் கதை. நம் முட்டுக்காடு கழிமுகத்தை வைத்து ஒரு குடும்பத்துக்குப் பெயர் வந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நம்மவர்களும் ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொண்டவர்கள்தானே.

ஸ்காட்லாந்தின் வடக்கே ஃபவுலிஸ் என்ற கோட்டைதான் அவர்களுடைய பூர்வீகம். ராஜா கேட்டால், நடுக் கோடையிலும் ஒரு பனி உருண்டை கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த நிலத்துக்குக் குத்தகையாம்! பக்கத்து மலை இடுக்கில் கோடையிலும் பனி கிடக்குமாம். அதே குலத்தில் வந்த ஹியூ மன்றோ, 3000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலைகளை 1891-ல் பட்டியல் போட்டார். இன்றைக்கு அந்த மலைகளுக்கே ‘மன்றோ’ என்றுதான் பெயர்.

நம்முடைய தாமஸ் மன்றோ 1761-ல் கிளாஸ்கோவில் பிறந்து, 1780-ல் சிப்பாய் வேலைக்குச் சென்னை வந்தவர். பாராமகாலில் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கம்) கேப்டன் ரீடோடு சேர்ந்து, நடுவில் ஜமீன்தார் இல்லாமல் பயிரிடுகிறவர் பெயரிலேயே நிலத்தைப் பதிந்து வரி வாங்கும் ரயத்துவாரி முறையை நடத்தினார். வரி ஒன்றும் குறைச்சலில்லை. ஆனாலும் குடியானவர் பெயர் கணக்கில் ஏறியது. பிறகு ராயலசீமைப் பக்கம் கலெக்டர். மந்த்ராலயத்தில் ராகவேந்திர சுவாமிகள் பிருந்தாவனத்திலிருந்து இவரோடு பேசினார், மடத்து நிலம் தப்பியது என்று பக்தர்கள் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சீமையில் ஜனங்கள் பிள்ளைகளுக்கு ‘மன்றோலப்பா’ என்றே பெயர் வைத்தார்கள். எங்கோ ஓடுகிற ஓர் ஆறு, கர்னூல் பக்கத்துத் தொட்டிலில் வந்து இறங்கியது பாருங்கள்!

எல்லாம் சரி, இந்தப் பெயர்களில் பெண்கள் எங்கே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் தேடினேன். கேலிக்கில் ‘மாக்’ என்றால் மகன். பெண்ணுக்கு ‘நிக்’. அண்ணன் மாக் டொனால்டு என்றால் தங்கை நிக் டொனால்டு. பழைய ஸ்காட்லாந்தில் கல்யாணமான பிறகும் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருந்தார்கள். கல்லறைக் கல்லிலும் அதுவே இருக்கும். மன்றோவின் மனைவி ஜேன், கேம்பெல் வீட்டுப் பெண். கேம்பெல் என்றால் கோணல் வாய் என்று அர்த்தம், யாரோ முப்பாட்டன் வாய் அப்படி! மன்றோவின் பெயர் நாடெங்கும் நின்றது. ஜேனின் பெயரும் போய்விடவில்லை. இளைய மகனுக்குக் கேம்பெல் மன்றோ என்று பெயரிட்டார்கள். அம்மா வீட்டுப் பெயர் முன்னால், அப்பா வீட்டுப் பெயர் பின்னால்.

இதைக் கேட்டு என் மாமியார், “வெள்ளைக்காரிக்கும் இந்தக் கவலை இருந்ததாக்கும்!” என்றார். அவருக்கு இனிஷியல் மாறியது பதினாறு வயதில், யாரும் அவரைக் கேட்கவில்லை. இப்போது என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, “இனிஷியலை மாத்தணுமாம்மா?” என்று தினமும் கேட்கிறாள். சட்டப்படி கட்டாயமே இல்லை. மாற்றுவதானால் ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றுபோல மாற்ற வேண்டும்; ஒன்றில் பழையது, இன்னொன்றில் புதியது என்றிருந்தால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வரை தொல்லை. எனக்கு அவள் அப்பா பெயரோடே இருக்கட்டும் என்றுதான் ஆசை. மாப்பிள்ளையும் சரியென்றுவிட்டார். சம்பந்தியம்மாதான் இன்னும் வாய் திறக்கவில்லை.

மன்றோ 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். முதலில் கூத்தியில் அடக்கம் செய்து, 1831-ல் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிலையிலிருந்து கோட்டை கிட்டத்தான். வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டையை மறக்காதீர்கள். சிலையருகே நிழல் கிடையாது. குழந்தைகளோடு போனால் காலையிலேயே போய்விடுங்கள்.