நுகத்தடியில் ஃபோகஸ்

கம்பம் பள்ளத்தாக்கின் மாட்டுவண்டிப் பந்தயங்களில் தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், பெரியமாடு என்று காளைகளை ரகம் பிரித்து ஓட்டுவார்கள். ஓடும் இடம் மைதானமல்ல, தார்ச்சாலை. படம் எடுப்பவருக்குக் கிடைப்பது சாலையோரத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம். லென்ஸைத் தீர்மானிப்பதும் அதுதான்.

70–200 மி.மீ. ஜூம் போதும். 400 மி.மீ. விளையாட்டரங்குக்கு உரியது, இங்கே வண்டி நெருங்கியதும் ஒரு காளையின் முகம் மட்டுமே சட்டத்தை அடைத்துக்கொள்ளும், கயிற்றைப் பிடித்துக் கூடவே ஓடும் துணைச்சாரதி வெளியே போய்விடுவார். பெரிய லென்ஸ் தோளுக்குத்தான் பெருமை.

விலை கொடுத்து வாங்கிய 2.8 அபர்ச்சரை முழுக்கத் திறந்து வைப்பது இந்தப் பந்தயத்தில் வழக்கமான தவறு. முழுச்சட்டக் கேமராவில் 200 மி.மீ., 2.8, வண்டி 20 மீட்டர் தொலைவில் என்றால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 1.7 மீட்டர். காளையின் மூக்கிலிருந்து சாரதி உட்காரும் இடம் அதைவிட நீளம். நுரை தள்ளும் வாயும் மூக்கணாங்கயிறும் துல்லியமாக இருக்கும், சாரதி கலங்கிவிடுவார். 5.6க்கு இறக்கினால் ஆழம் இரட்டிக்கும். அப்போதும் ஃபோகஸைக் கண்ணில் வைக்காமல் சற்றுப் பின்னால் நுகத்தடியில் வைப்பது நல்லது. காளையின் தலை மேலும் கீழும் ஆடும். திமிலும் நுகத்தடியும் அவ்வளவு ஆடாது.

மணிக்கு 36 கி.மீ. வேகம் என்று கொண்டால் வண்டி நொடிக்கு 10 மீட்டர் நகர்கிறது. ஷட்டர் 1/1000இல் நகர்வது ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால் குளம்பு வண்டியைவிட வேகமாக வீசப்படுவதால் 1/1600 பாதுகாப்பு. கிழக்கே மேகமலை நிற்பதால் இங்கு காலை வெயில் தாமதமாகத்தான் இறங்கும், அதுவரை ஐ.எஸ்.ஓ.வை ஏற்றத் தயங்கக் கூடாது. புள்ளி விழுந்த படத்தை ஏற்கலாம், கலங்கிய படத்தை என்ன செய்வது?

தொடர் ஃபோகஸ் முறை கட்டாயம். அதைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிக்கொண்டால் ஷட்டரை அழுத்தும் விரல் ஃபோகஸைக் குலைக்காது. வண்டியோடு வரும் பைக்கும், குறுக்கே நீளும் கையும் ஃபோகஸைத் திருடும். பின்தொடரும் உணர்திறனைக் குறைத்து வைத்தால் கேமரா சற்றுப் பொறுத்திருந்து காளைக்கே திரும்பும். கூட்டம் மிகுந்தால் பழைய வழிதான்: சாலையில் ஒரு வெள்ளைக்கோட்டில் முன்கூட்டியே ஃபோகஸைப் பூட்டி, நுகத்தடி அதைத் தொடுவதற்குச் சற்று முன்பே தொடர்ச்சியாக அழுத்துவது.

அனுமந்தன்பட்டி வழியே போகும் உத்தமபாளையம்–கம்பம் சாலை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. அந்தப் போக்கில் உத்தமபாளையம் நோக்கி வரும் மாட்டின் முகத்தில் காலை வெயில் விழும். எதிர்த்திசையில் ஓடும் மாட்டின் முதுகில்தான் விழும். அப்போது பக்கவாட்டில் நின்று, 1/60இல் வண்டியோடு கேமராவையும் திருப்பினால் பின்னணி கோடுகளாக இழுபடும். கால்கள் கரையும், திமில் நிற்கும். பத்தில் ஒன்று தேறினாலே அதிகம். வளைவில் நிற்பதென்றால் உள்பக்கம் மட்டுமே. வண்டி வெளிப்பக்கம்தான் சறுக்கும்.