தேயப் பிறந்த தட்டு

மோட்டார் வண்டியில் சில பாகங்கள் உழைப்பதற்கென்று செய்யப்பட்டவை. சில, தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. கிளட்ச் தட்டு இரண்டாவது ஜாதி. இஞ்சின் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கிறது. சக்கரமோ அசையாமல் நிற்கிறது. இரண்டையும் திடீரென்று இணைத்தால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும். இந்தத் தட்டு நடுவில் புகுந்து, உராய்வையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு, இருவரையும் மெல்ல மெல்லச் சேர்த்து வைக்கிறது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் இப்படி ஒருவர் எந்தக் குடும்பத்திலும் உண்டு. அவர் தேய்ந்துபோன பிறகுதான் அப்படி ஒருவர் இருந்தாரென்பதே வீட்டாருக்குத் தெரியவரும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்டுக்கு அருகே ஆபிங்டன் என்ற ஊரில் சில வாரங்கள் தங்க நேர்ந்தபோது, அடுத்த வீட்டுக் கொட்டகையில் இந்தத் தட்டை மாற்றும் வைபவத்தைப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வண்டி, 1965-ல் செய்த எம்.ஜி.பி. அது பிறந்ததும் அதே ஊர்தான். ஆக்ஸ்ஃபர்டில் மாரிஸ் கராஜஸ் என்ற கடையின் நிர்வாகியாயிருந்த செசில் கிம்பர் தொடங்கி வைத்த ஜாதி அது; எம்.ஜி. என்ற எழுத்துக்களே கடைப் பெயரின் சுருக்கம். 1929-ல் ஆபிங்டனுக்கு வந்த தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டது. எம்.ஜி.பி. மட்டுமே 5 லட்சத்துக்கு மேல் அங்கிருந்து போயிருக்கிறது.

மேடேறும்போது இஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. தட்டு வழுக்குகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அந்தத் தட்டை அணுகுவது லேசல்ல. கியர்ப் பெட்டியை அடிவழியாக இறக்கலாமென்றால் வண்டியின் உடற்கட்டே குறுக்கே நிற்கிறது. ஆகவே முன்மூடியைக் கழற்றி, தண்ணீரையும் எண்ணெயையும் வடித்து, ரேடியேட்டரை எடுத்து, 1798 சி.சி. இஞ்சினைச் சங்கிலியில் கட்டித் தூக்கித்தான் ஆகவேண்டும். கைக்கடங்கும் ஒரு தட்டுக்காக, வண்டியின் இதயத்தையே வெளியே எடுக்க வேண்டும்!

"இஞ்சினே வெளியே வரப்போகிறது, கியர்ப் பெட்டியையும் மாற்றிவிடுங்களேன், அப்பா" என்றாள் அவர் மகள்.

அங்கேதான் வழக்கு ஆரம்பித்தது. பழைய பெட்டிக்கு நான்கு கியர். 1967 வரை செய்த வண்டிகளில் முதல் கியருக்கு மட்டும் சின்க்ரோ என்ற சமரச ஏற்பாடு கிடையாது. வண்டி அடியோடு நின்ற பிறகே அதைப் போட வேண்டும். அவசரப்பட்டால் பல்லோடு பல் மோதிக் கறகறவென்று திட்டும். ஃபோர்டு சியரா காரின் ஐந்து கியர்ப் பெட்டியை இந்த வண்டிக்குப் பொருத்துவதற்கான சாமான்கள் அந்த நாட்டில் விலைக்குக் கிடைக்கின்றன. அதைப் போடச் சொன்னாள் மகள்.

"அப்புறம் அது என் வண்டியாக இருக்காதே!" என்றார் கிழவர்.

"உங்களுக்குப் பின் யாருடைய வண்டியாக இருக்க வேண்டும்?"

அவர் பதில் சொல்லவில்லை. இடது முழங்காலைத் தடவிக்கொண்டார். அந்தக் காலால் கிளட்சை மிதிப்பது அவருக்கு ஆண்டுக்காண்டு சிரமமாகிக்கொண்டிருந்தது.

என் மனம் முதலில் கிழவர் பக்கம்தான் சாய்ந்தது. பழமை என்றால் அதன் பிடிவாதமும் சேர்ந்ததுதானே? ஆனால் நம் கோயில்களை நினைத்துக்கொண்டேன். விக்கிரகத்தைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தைப் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை புதிதாக இடித்துச் சாத்துகிறோம். சாமி பழைய சாமிதான். மருந்து பழசாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டால், பீடத்துக்கும் விக்கிரகத்துக்குமே பிடிப்பு விட்டுப்போகும். அந்தக் கொட்டகையில் பிடிப்பு தளர்ந்திருந்தது தட்டில் மட்டுமல்ல.

மூன்றாம் நாள் ஐந்து கியர்ப் பெட்டி வந்து இறங்கியது. கிழவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் தண்டுக்குப் பொருந்தும் புதிய தட்டை ஃப்ளைவீலின்மேல் வைத்து, நடுமையம் பிசகாமலிருக்க ஒரு போலித் தண்டைச் செருகி, மேல்மூடியின் ஆறு போல்ட்டுகளையும் எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்கினார். மையம் ஒரு மயிரிழை தவறினாலும் கியர்ப் பெட்டியின் தண்டு உள்ளே போகாது. இஞ்சினும் பெட்டியும் கலந்த அந்தக் கணத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவள் மகள். "போயிற்று" என்றார் கிழவர். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள்.

பழைய பெட்டியை அவர் விற்கவில்லை. துடைத்து, எண்ணெய் பூசி, கோணியில் சுற்றி, மேஜைக்கடியில் தள்ளி வைத்தார். "என்றைக்காவது அவளுக்கு இது வேண்டியிருக்கும்" என்றார்.

நான் ஊருக்குப் புறப்பட்ட அன்று காலையில் அந்த வண்டி தெருவைக் கடந்து போயிற்று. மகள் ஓட்டினாள். கிழவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திருப்பத்தில் அவள் கியர் மாற்றியபோது, அவருடைய இடது கால் இல்லாத கிளட்சை ஒரு தரம் மிதித்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.