இரண்டாம் நாள் டிக்கெட்

ஆபரா என்றால், சாகும் தறுவாயில்கூட கதாநாயகி இருபது நிமிஷம் பாடுவார் என்றுதான் பலரும் நினைக்கிறோம். வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கிற ஆபராவும் இருக்கிறது. அதில் முதல் வரிசை, இத்தாலிக்காரர் ரொஸ்ஸினியின் 'தி பார்பர் ஆஃப் செவில்'. 'ஆபராவே கேட்டதில்லை சார்' என்கிறீர்களா? 1950-ல் வந்த கார்ட்டூனில் பக்ஸ் பன்னி முயல், வேட்டைக்காரரின் மொட்டைத் தலையில் காலாலேயே மசாஜ் பண்ணுமே... பின்னணியில் ஓடுவது இதன் முன்னிசைதான்.

கதை நமக்கு ரொம்பப் பழக்கமானது. பணக்காரப் பெண் ரோசினா. அவளை வீட்டில் பூட்டிவைத்துத் தானே கட்டிக்கொள்ளத் துடிக்கும் கிழ கார்டியன். வெளியே ஏங்கும் இளம் பிரபு. குடிகாரச் சிப்பாய், பாட்டு வாத்தியார் என்று அவர் வேஷம் மாற்றி உள்ளே நுழைய ஐடியா கொடுப்பவன் ஃபிகாரோ. ஊரில் எல்லார் வீட்டுக் கதவும் திறப்பது முடிவெட்டுகிறவனுக்குத்தானே!

இப்போது 1816 பிப்ரவரி 20, ரோம் நகரத்து ஆர்ஜென்டினா தியேட்டருக்கு வாருங்கள். ரொஸ்ஸினிக்கு 24 வயதாக ஒன்பது நாள் பாக்கி. மொத்த இசையையும் சில வாரங்களில் எழுதித் தள்ளியிருந்தார். கம்பெனி நடத்திய பிரபு சில நாள் முன்பு திடீரென்று காலமாகியிருந்தார். போதாததற்கு, இதே கதையை 1782-லேயே ஆபராவாக்கிப் பெயர் வாங்கிய பெரியவர் பாயிசியெல்லோ இன்னும் உயிரோடு இருந்தார். 'இந்தப் பொடியனுக்கு என்ன துணிச்சல்' என்று அவருடைய ரசிகர்கள் கூச்சல் போடவே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த ராத்திரியைப் பற்றி வழிவழியாகச் சொல்வார்கள். கிடார் கம்பி அறுந்தது. ஒரு பாடகர் தடுக்கி விழுந்து மூக்கில் ரத்தம். நடுவில் மேடைக்கு ஒரு பூனை வர, ஜனங்கள் கோரஸாக 'மியாவ்'. படுதோல்வி.

மறுநாள் ரொஸ்ஸினி உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆனால் கம்பெனி திரையைத் தூக்கியது. அதே ஊர், அதே கொட்டகை. அன்றைக்கு ஒரே கைதட்டல்! பாராட்டத் தீவட்டியோடு வந்த கூட்டத்தை, வீட்டைக் கொளுத்த வருகிறார்கள் என்று நினைத்து அவர் ஒளிந்துகொண்டாராம்.

இந்த ஆபராவுக்கும் விழுவதற்கும் ஏதோ ராசி. 2009 ஜூலையில் லண்டன் ராயல் ஆபரா ஹவுஸில் ரோசினாவாக நடித்த ஜாய்ஸ் டிடோனாட்டோ, முதல் இரவிலேயே மேடையில் வழுக்கி விழுந்தார். ஊன்றுகோலோடு கடைசிவரை பாடினார். எலும்பு முறிந்தது அப்புறம்தான் தெரிந்தது. வேறு ஆளைத் தேடவில்லை. மிச்சக் காட்சிகளுக்குச் சக்கர நாற்காலியில் வந்தார்.

டிவிடியில் பார்த்தேன். வீட்டைவிட்டு வெளியேற முடியாத பெண்ணின் ஆத்திரம், கட்டுப்போட்ட காலோடு சேர்ந்து இன்னும் நிஜமாகிவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவனுக்கு, 'வலிக்குமே' என்று நடுவில் ஒரு கணம் தோன்றியது. அந்த அம்மாள் முகத்தில் வலியைக் காணோம். ரோசினாதான் இருந்தாள்.

இதைப் பார்த்தபோது ஒரு நண்பர் ஞாபகம் வந்தது. பல வருஷம் முன்பு நாடகம் ஒன்று எழுதினார். முதல் நாள் மைக் படுத்துவிட்டது. கடைசி வரிசையில் விசில். சபாக்காரர்கள் இரண்டாம் காட்சியை ரத்து செய்துவிட்டார்கள். நண்பர் அதற்கப்புறம் பேனாவைத் தொடவில்லை. அது நல்ல நாடகமா, மோசமா? இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்போதெல்லாம் முதல் காட்சி இடைவேளையிலேயே 'படம் தேறாது' என்று செல்போனில் தீர்ப்பு வந்துவிடுகிறது. ரோமில் அந்தக் கம்பெனியும் முதல் நாள் தீர்ப்போடு மூட்டை கட்டியிருந்தால், இருநூறு வருஷத்துச் சிரிப்பு நமக்குக் கிடைத்திருக்காது.

எங்கேயாவது புதுசாக ஒரு குழு நாடகம் போடுகிறதா? முதல் நாளுக்குச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். நீங்கள் இரண்டாம் நாளுக்கு டிக்கெட் எடுங்களேன்.