எண் மாறலாம், உறவு மாறக் கூடாது

கம்ப்யூட்டர் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற உரிமையில், இப்போது இந்தத் துறைக்குள் நுழையும் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். புதிதாக ஒரு புரோகிராம் எழுதுவதைவிடப் பொறுப்பு மிகுந்த வேலை, இருக்கும் தகவலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. புரோகிராமில் பிழை இருந்தால் யாராவது கத்துவார்கள், திருத்திவிடலாம். ஒருவர் கணக்கு இன்னொருவர் தலையில் ஏறிவிட்டால், அது சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ஒரு வியாபார நிறுவனத்துக்கு இரண்டு கிளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தனித்தனி டேட்டாபேஸ். வாடிக்கையாளர்களுக்கு ஒரு டேபிள், பில்களுக்கு ஒரு டேபிள். புது வாடிக்கையாளரைப் பதிந்தால் டேட்டாபேஸே அடுத்த எண்ணைப் போட்டுக்கொள்ளும். எஸ்க்யூஎல் சர்வரில் இதை ஐடென்டிட்டி என்பார்கள்; மைஎஸ்க்யூஎலில் ஆட்டோ இன்கிரிமென்ட்; போஸ்ட்கிரஸில் சீரியல், 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் ஐடென்டிட்டியும் உண்டு. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

இரண்டு கிளைகளையும் ஒன்றாக்க முடிவு செய்கிறார்கள். இரண்டாம் கிளையின் 417ஆம் வாடிக்கையாளர் முதல் கிளையின் டேட்டாபேஸுக்குள் வருகிறார். அங்கே 417இல் ஏற்கெனவே வேறொருவர் இருக்கிறார். வந்தவருக்கு 5208 என்று புது எண் விழுகிறது. இதுவரை எல்லாம் சரி. அடுத்து அவருடைய பில்களை அப்படியே நகலெடுக்கிறார்கள். ஒவ்வொரு பில்லிலும் வாடிக்கையாளர் எண் 417 என்றே இருக்கிறது. அத்தனை பாக்கியும் சம்பந்தமே இல்லாத ஒருவர் பெயரில் போய் விழுகிறது.

ஃபாரின் கீ என்று ஒரு காவல் இருக்கிறதே, அது தடுக்காதா என்று கேட்பீர்கள். தடுக்காது. பில்லில் உள்ள எண்ணுக்கு வாடிக்கையாளர் டேபிளில் ஓர் ஆள் இருக்கிறாரா என்று மட்டும்தான் அது பார்க்கும். 417இல் ஆள் இருக்கிறார், கதவைத் திறந்துவிடும். அவர்தான் உரியவரா என்று அதற்குத் தெரியாது. விதிமுறை எதையும் மீறாமலே பெரிய அநியாயம் நடக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. விதி கேட்காத கேள்வியை மனிதன்தான் கேட்க வேண்டும்.

இந்த எண் சிக்கலின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட், 1970இல் வெளியிட்ட கட்டுரையில்தான் இன்றைய டேபிள் முறைக்கு அடித்தளம் போட்டார். அதற்கு முந்தைய அமைப்புகள் பலவற்றில் ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாகச் சுட்டி வைத்திருப்பார்கள். காட் முறையில் அப்படி எதுவும் கிடையாது. இங்கே ஒரு 417, அங்கே ஒரு 417. இரண்டும் ஒரே மதிப்பாக இருப்பது மட்டுமே உறவு. எண்ணை மாற்றினால் உறவு அறுந்துபோகும், அல்லது வேறொருவரோடு ஒட்டிக்கொள்ளும். அதே காட், 1979இல் எழுதிய இன்னொரு கட்டுரையில், அமைப்பே உருவாக்கித் தரும் அடையாளத்தைப் பற்றிப் பேசினார். அதன் மதிப்பு பயனருடைய கட்டுப்பாட்டில் இருக்காது, அவர் கண்ணில் படவும் செய்யாது என்பது அவர் வகுத்த முறை. அந்த எண் உள்வேலைக்கானது; பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

வீடு மாறினால் கதவு எண் மாறத்தான் செய்யும். பழைய எண் பலகையைக் கழற்றிக்கொண்டுவந்து புது வீட்டு வாசலில் மாட்டினால் தபால்காரர்தான் அலைவார். இருந்தும் டேட்டாபேஸ் வேலையில் பலருக்கு முதலில் தோன்றும் வழி இதுதான்: பழைய எண்ணையே திணித்துவிடலாம். எஸ்க்யூஎல் சர்வரில் ஐடென்டிட்டி இன்சர்ட் என்ற அனுமதியைத் திறந்தால், எண்ணை நாமே கொடுக்கலாம். ஆனால் ஒரு செஷனில் ஒரு டேபிளுக்கு மட்டுமே அதைத் திறந்து வைக்க முடியும். சேரும் இடம் காலியாக இருந்தால் இந்த வழி சரி. அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தால் எண்கள் மோதும். போஸ்ட்கிரஸில் இன்னொரு சிக்கல் உண்டு: எண்களை நாமே கொடுத்து ஆயிரம் வரிசைகளைச் சேர்த்தாலும், அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ் நகராமல் பழைய இடத்திலேயே நிற்கும். மறுநாள் முதல் வாடிக்கையாளரைப் பதியும்போது, ஏற்கெனவே உள்ள எண்ணைக் கொடுத்துவிட்டு அது முட்டி நிற்கும். செட்வால் போட்டு அதற்குப் புது நிலவரத்தைச் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் சரியான வழி எது? புது இடம் தரும் எண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய எண் எது, புது எண் எது என்று ஒரு டேபிளில் எழுதி வையுங்கள். எந்தக் கிளை, பழைய எண், புதிய எண்: மூன்றே விவரங்கள். இந்தச் சிறிய டேபிள்தான் முழு இடமாற்றத்துக்கும் உயிர். பில்களை நகலெடுக்கும்போது இதைப் பார்த்து 417ஐ 5208 ஆக்கிவிட்டால், பாக்கி உரியவரிடம் போய்ச் சேரும்.

இந்த டேபிளை ஊகத்தில் நிரப்பக் கூடாது. நான் கண்டிப்பாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். பெயரை வைத்துப் பொருத்தலாம் என்பார்கள். ஒரே ஊரில் எத்தனை முருகேசன், எத்தனை லட்சுமி! டேபிளில் உள்ள பெரிய எண்தான் நாம் சேர்த்தது என்பார்கள். அதே நொடியில் இன்னொரு கவுண்டரில் வேறொருவர் பதிந்திருக்கலாம். மைஎஸ்க்யூஎலில் ஒரே கட்டளையில் பல வரிசைகளைச் சேர்த்தால், லாஸ்ட் இன்சர்ட் ஐடி அவற்றில் முதல் வரிசையின் எண்ணை மட்டுமே தரும். எஸ்க்யூஎல் சர்வரின் ஸ்கோப் ஐடென்டிட்டி, கடைசியாக விழுந்த எண் ஒன்றைத்தான் சொல்லும். மீதியைக் கூட்டிக் கழித்து ஊகிக்காதீர்கள். எஸ்க்யூஎல் சர்வரில் அவுட்புட் என்ற வசதி எல்லாப் புது எண்களையும் தருகிறது. சாதாரண இன்சர்ட்டில் அதனோடு பழைய எண்ணைச் சேர்த்துக் கேட்க முடியாது, மெர்ஜ் கட்டளையில் முடியும். போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு வரிசைக்கும் சீக்வென்ஸிலிருந்து எண்ணை முன்கூட்டியே வாங்கி, முதலில் நம் டேபிளில் எழுதிவிட்டு, பிறகு ஆட்களை உள்ளே அனுப்பலாம்.

வரிசைமுறையும் முக்கியம். முதலில் வாடிக்கையாளர், பிறகு பில், அதன் பிறகு பில்லுக்குள் இருக்கும் சரக்கு விவரங்கள். பில்லும் புது எண் பெறும், எனவே அதற்கும் அதே போல ஒரு டேபிள் தேவை. சில உறவுகள் ஒரே டேபிளுக்குள்ளேயே இருக்கும். இந்த வாடிக்கையாளரை அறிமுகம் செய்த வாடிக்கையாளர் யார் என்று ஒரு குறிப்பு இருக்கலாம். அறிமுகம் செய்தவர் இன்னும் வந்து சேராதபோது எந்த எண்ணை எழுதுவது? அந்த இடத்தைக் காலியாக விட்டு எல்லோரையும் முதலில் கொண்டுவர வேண்டும். பிறகு இரண்டாம் சுற்றில் நிரப்ப வேண்டும். புது ஊருக்குப் போன குடும்பங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். போன உடனே எல்லாப் பிணைப்பும் கூடிவிட வேண்டும் என்று பதறுவார்கள். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான் சில உறவுகளை மறுபடி கட்ட முடியும். அதுவரை அந்த இடம் காலியாக இருப்பதில் குறையில்லை; அவசரப்பட்டுத் தவறாக நிரப்புவதுதான் குறை.

நடுவில் விடுபட்ட எண்களைப் பார்த்துச் சிலர் கலங்குவார்கள். 1200க்கு அடுத்து 1201 எங்கே என்று தேடுவார்கள். ஒரு பதிவு பாதியில் ரத்தானால் அதற்கு எடுத்த எண் திரும்பி வராது. டேட்டாபேஸ்கள் வேண்டுமென்றே அப்படி அமைக்கப்பட்டவை. எஸ்க்யூஎல் சர்வர் 2012 முதல், சர்வர் திடீரென நின்று எழுந்தால் எண் ஆயிரம் தாண்டிப் போவதும் உண்டு. ஒன்றும் தொலைந்துவிடவில்லை. இடைவெளி இல்லாத எண்வரிசை கணக்குத் துறைக்கு வேண்டுமென்றால், ரசீது எண் என்று தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் இரண்டு பக்கமும் வரிசைகளை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை ஒத்துப்போகிறது என்று எழுந்து போய்விடாதீர்கள். நான் சொன்ன அநியாயம் நடந்த டேட்டாபேஸிலும் எண்ணிக்கை ஒத்துத்தான் போகும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பழைய இடத்தில் பாக்கி எவ்வளவு, புது இடத்தில் எவ்வளவு என்று ஆள்வாரியாக ஒப்பிட வேண்டும். மொத்தம் சரியாக இருந்து தனி மனிதருக்குத் தவறு நடந்திருந்தால், அந்தச் சரிக்கு மதிப்பில்லை.

வாழ்க்கையிலும் இடம் மாறாதவர் நம்மில் யார்? வேலை மாறுகிறோம், ஊர் மாறுகிறோம், ஒரு நாள் ஓய்வும் பெறுகிறோம். பழைய இடத்தில் இருந்த பதவி, சீனியாரிட்டி, கூப்பிட்ட பட்டம் எல்லாமே அந்த இடம் நமக்குப் போட்ட எண்கள். புது இடத்திலும் அதே எண் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அங்கே இருப்பவர்களோடு மோதுகிறார்கள். பழசு எல்லாம் முடிந்தது என்று உதறிவிட்டுப் போகிறவர்களோ, தம்மை நம்பியிருந்தவர்களை அனாதையாக்குகிறார்கள். எண்ணை விட்டுக்கொடுப்பதும் பொறுப்பை விடாமல் பிடித்திருப்பதும் சேர்ந்து இருக்க வேண்டிய குணங்கள்.

அதனால்தான் கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இடமாற்றம் முடிந்தது என்று அந்தப் பழைய எண், புதிய எண் டேபிளை அழித்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு ஒருவர் பழைய ரசீதோடு வந்து நிற்பார். அதில் 417 என்றுதான் அச்சாகியிருக்கும். அந்த எண் அவராகத் தேர்ந்தெடுத்தது அல்ல, நாம் கொடுத்தது. அதை மாற்றியதும் நாம்தான். உங்கள் கணக்கு இதோ பத்திரமாக இருக்கிறது என்று அவருக்குப் பதில் சொல்லும் கடமையும் நம்முடையதே.